தாழ்ந்தே நின்ற கொடி

அத்தியாயம் 19

எதிரணியின் பயிற்சியாளர் வந்து கை கொடுத்ததைத்தான் ஏரம்பமூர்த்தியால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை உதைபந்தாட்டம் முடிந்த கையோடு அந்த மனிதர் சேற்றில் சறுக்கிச் சறுக்கி மைதானத்தைக் கடந்து வந்தார். மூர்த்தியின் கையை, அதிலிருந்த கொடியோடு சேர்த்து, இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். முப்பது வருஷமாக இந்த விளையாட்டோடு இருக்கிறேன், சொந்த அணி தோற்கும் என்று தெரிந்தும் கொடியைக் கீழேயே வைத்திருந்த லைன்ஸ்மனை இன்றுதான் காண்கிறேன் என்றார். மூர்த்தி நன்றி என்றார். வேறு என்ன சொல்வது?

ஞாயிறு காலை அந்தக் கொடி ஒக்லாந்தில், கிளென் ஈடனில் மூர்த்தியின் வீட்டுப் பின்வளவில், உடுப்புகளோடு உடுப்பாகக் காய்ந்தது. கொடி பிடித்தவரே அதைத் துவைத்துக் கொண்டுவர வேண்டும் என்பது கழகத்தின் பழக்கம். மனைவி ரதிதேவிக்கு முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆகவே மூர்த்தியே துவைத்தார். சேறு போய்விட்டது.

குசினி யன்னலால் மகள் லோஜனா எட்டிப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். பதினான்கு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். தகப்பன் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். கேலி செய்வதற்கு மட்டும் தமிழுக்குத் திரும்புவாள்.

“அப்பா, கிளப் முழுக்க உங்கட கதைதானாம். செயின்ட் மூர்த்தி. கொடிக்கு ஒரு பூ வையுங்கோவன்.”

“போய்ப் படி.”

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். மூர்த்தி கொடியின் நுனியைப் பிழிந்தார். அதில் பிழிவதற்குத் தண்ணீர் இருக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம்.

இந்த மட்டத்து ஆட்டங்களுக்குச் சங்கம் நடுவரை மட்டும்தான் அனுப்பும். பக்கக் கோட்டில் கொடி பிடிக்க இரண்டு கழகமும் ஆளுக்கொருவரைத் தர வேண்டும். சொந்தக் கழகத்து லைன்ஸ்மன் சொந்த அணிப் பக்கம் கொஞ்சம் சாய்வான். எல்லாருக்கும் தெரியும், யாரும் பெரிதாக எடுப்பதில்லை. மூர்த்தி சாயாத ஆள். யூலை மாதம் தங்கள் அணி அடித்த வெற்றிக் கோலையே கொடி தூக்கிக் கெடுத்தவர். இரண்டு வாரம் வீரர்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவரைக் கோட்டில் நிறுத்தியவர் டெரிக். மூர்த்தியின் தங்கை வசந்தமலரின் கணவர். அணியின் பயிற்சியாளர். பதினெட்டு வருஷம் நில அளவைத் திணைக்களத்தில் நேர்கோடு பார்த்த கண், இதைவிட எனக்கு என்ன வேண்டும் என்று அவர்தான் கொடியைக் கையில் கொடுத்தார்.

டெரிக் வட இங்கிலாந்துக்காரர். மூன்றாம், நான்காம் பிரிவுக் கழகங்களில் பதினைந்து வருஷம் நடுத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். நானூறு ஆட்டம், மூன்று கோல், மூன்று தடவை உடைந்த மூக்கு. முழங்கால் போன பிறகு பயிற்சியாளரானார். இங்கிலாந்தில் யாரும் கூப்பிடவில்லை. மோல்ட்டா, சாம்பியா, ஹொங்கொங், கடைசியில் ஒக்லாந்து. எங்கே போனாலும் அவரிடம் விற்க இருந்தது ஒரே சரக்கு, ஓஃப்சைட் பொறி. எதிரணி பந்தை முன்னே அனுப்பும் நொடியில் நான்கு தடுப்பாட்டக்காரர்களும் ஒரே மூச்சில் மேலே அடி வைப்பார்கள். பின்னால் தனித்து விடப்பட்டவன் ஓஃப்சைட், அவன் கோல் அடித்தாலும் செல்லாது. நால்வரும் கையைத் தூக்குவார்கள், லைன்ஸ்மன் கொடியைத் தூக்குவான். அவன் தூக்காவிட்டால் அந்த நால்வரும் வெறுமனே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நான்கு மடையர்கள்.

சனிக்கிழமை அப்படித்தான் நின்றார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. சமநிலையே போதும், அணி மேல் பிரிவுக்குப் போய்விடும். இரண்டு நிமிஷம் மிச்சம். நடுவிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. நால்வரும் அடி வைத்தார்கள். எதிரணியின் ஒன்பதாம் இலக்கக்காரன் இரண்டு யார் தூரம் பின்னால் நின்றான். மூர்த்தி கண்டார். கையிலிருந்த கொடி கொஞ்சம் எழும்பியது. பிறகு இறங்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டது. மைதானத்தில் ஓடியவன் அந்த ஒன்பதாம் இலக்கக்காரன் ஒருவன்தான். ஓடிப் போய்க் கோல் அடித்தான்.

ஏன் என்பதும் வாசகர்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை டெரிக் வேலிப் பலகை அடிக்க உதவிக்கு வந்திருந்தார். வாயில் ஆணியை வைத்துக்கொண்டே சொன்னார்: அணி மேலே போனால் மலேசியாவில், ஈப்போவில் ஒரு கழகம் தன்னை எடுத்துக்கொள்ளும். இரண்டு வருஷ ஒப்பந்தம். மலரிடம் மட்டும் மூச்சு விடாதே மச்சான்.

தங்கைக்கே தெரியாமல், ஏற்கெனவே ஒன்பது வீடு மாறியவளைப் பத்தாவது வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறான் இவன். மூர்த்தி அதை அப்படித்தான் விளங்கிக்கொண்டார். வேறு விதமாக விளங்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எழுபத்துநான்கில் மலர் இங்கிலாந்தில் தாதியாக இருந்தபோது, கால் முறிந்து கட்டிலில் கிடந்த ஒரு பந்து விளையாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு மூத்தவர் மூர்த்தி. நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினார். கடைசி வரி: எங்களுக்கு இனி ஒரு தங்கை இல்லை. பதினேழு வருஷம் கழித்துக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் மனைவி பிள்ளையோடு போக்கிடமில்லாமல் இருந்தவருக்கு, அந்த இல்லாத தங்கைதான் இந்த நாட்டுக்கு வருவதற்கான தாள்களை இங்கிருந்து அனுப்பினாள். விமான நிலையத்தில் “குளிருதா அண்ணை?” என்று தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். கடிதத்தைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஐந்து வருஷம்தான் ஆயிற்று. இன்னும் ஐந்து வருஷமாவது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தார். அதை அவளிடமே கேட்டிருக்கலாம்.

ஒன்றை மட்டும் அவர் எண்ணவில்லை. இன்று மூன்று மணிக்குக் கழகத்தின் கொமிட்டி கூடுகிறது. கிழவனின் பழைய தந்திரத்தால்தான் தோற்றோம் என்று பாதிப் பேர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மலேசியா மட்டும் போகவில்லை, ஒக்லாந்திலும் டெரிக்கின் வேலை போகப்போகிறது. மூர்த்தி வாயைத் திறந்தால் ஆட்டத்தின் முடிவு மாறாது, ஆனால் டெரிக்கின் வேலை தப்பும். மலருக்கும் தெரிந்துவிடும்.

யோசிக்க ஒரு நொடிதான் கிடைத்தது என்று இரவு முழுக்கத் தனக்குச் சொல்லிக்கொண்டார். வியாழன் தொடக்கம் சனி வரை இரண்டு நாள் இருந்தது.

வாசலில் ஹோர்ன் அடித்தது. மலர்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தங்கையும் சான்ட்ரிங்ஹாமுக்குச் சாமான் வாங்கப் போவது வழக்கம். மலர் கார் ஓட்டுவாள், மூர்த்தி பக்கத்தில் இருந்து பிரேக் பிடிப்பார். பிரேக் இல்லாத பக்கத்தில் கால் இறுகும். இன்றைக்கு அவர் கால் அசையவில்லை.

“என்ன, இண்டைக்கு பிரேக் பிடிக்கேல்லை?” என்றாள் மலர்.

“நீ நல்லா ஓட்டுறாய்.”

“அம்மாடி. இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறன். இண்டைக்குத்தான் சேர்ட்டிபிக்கற் கிடைச்சிருக்கு.”

டெரிக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். விடிந்ததிலிருந்து கராஜில் நிற்கிறாராம், பயிற்சிக் கூம்புகளை எண்ணி அடுக்குகிறாராம், பிறகு கலைத்து மறுபடி அடுக்குகிறாராம். கேட்டதற்கு, என் கண் போய்விட்டது மலர், அவன் இரண்டு யார் வெளியே நின்றான் என்று நான் சத்தியம் செய்திருப்பேன் என்றாராம்.

மூர்த்தி யன்னலுக்கு வெளியே பார்த்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது.

“மூர்த்தி கொடி தூக்கேல்லை எண்டா அது ஓஃப்சைட் இல்லை. அவ்வளவுதான். அதுக்கு மேல அவருக்குக் கதையில்லை” என்றாள் மலர்.

கடையில் வெண்டிக்காயும் உறைந்த தேங்காய்ப்பூவும் எடுத்தார்கள். அரிசிப் பகுதியில் மலர் இரண்டு பொதிகளுக்கு நடுவில் நின்று யோசித்தாள்.

“எது அண்ணை?”

“மற்றது. இது குழையும்.”

மலர் சிரித்தாள். டெரிக்குக்குத் தெரிந்த தமிழ் ஐந்தாறு சொல். மச்சான், தேத்தண்ணி, போதும் என்பதற்குக் காணும். அதைவிட்டால் ‘அண்ணையைக் கேள்.’ வீட்டில் அரிசியானாலும் திரைச்சீலையானாலும் எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார். எல்லாவற்றையும் அண்ணன்தான் தீர்மானிக்கிறார் என்று கேலி செய்வதற்கு மலர்தான் சொல்லிக் கொடுத்தவள். அவர் வாயில் அது ‘அன்னய கேல்’ என்று வரும். ஒவ்வொரு தடவையும் அவள் சிரிப்பாள்.

காசு கட்டும் இடத்தில் ஒரு பெண் மூர்த்தியைக் கண்டு நின்றாள். தமிழ்ச் சங்கத்து ஆள். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் பூசை, ரதி அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரவேணும் என்றாள். பிறகு மலரைப் பார்த்தாள். “நீங்களும்… நேரமிருந்தா” என்றாள். அவ்வளவும் ஒரு புன்னகையோடுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மலர் நேரமிருந்தால் வருவதாகச் சொன்னாள்.

காருக்குள் வந்து திறப்பைப் போட்டாள். ஆனால் திருகவில்லை. மழை கண்ணாடியில் வழிந்தது.

“அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். இனிச் சொல்லிப் பிரயோசனமில்லை. எண்டாலும் சொல்லுறன். ஈப்போவில ஒரு வேலை வந்தது.”

“டெரிக்குக்கோ?” என்றார் மூர்த்தி. குரல் நன்றாகவே வந்தது. அவருக்கே ஆச்சரியம்.

“அவருக்கும்தான். முதலில எனக்கு.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

மலர் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். இங்கிலாந்தில் தன்னோடு படித்த ஒருத்தி ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் பெரிய தாதியாக இருக்கிறாள். ஆள் தேவை என்று எழுதினாள். தோட்டத்துச் சனம் நிறைய வரும் இடம், தமிழ் தெரிந்த தாதி வேண்டும். ஜனவரியில் மலர் விண்ணப்பித்தாள். பிறகு அந்த ஊரில் பந்துக் கழகம் இருக்கிறதா என்று விசாரித்து, டெரிக்குக்குத் தெரியாமல் அவர் பெயரில் கடிதமும் அவளே எழுதினாள். அவர்கள் பதில் போட்ட பிறகுதான் அவருக்கே சொன்னாள்.

“ஒரு மேல் பிரிவுக்காவது உங்கட அணி போகட்டும், எடுக்கிறம் எண்டாங்கள். அவருக்கு வேலையில்லாமல் நான் போகேலாது. வீட்டில சும்மா இருக்கிற டெரிக்கைப் பாத்திருக்கிறியளே? கூம்பு அடுக்குவார்.”

“நீ போக விரும்பினனியோ?”

“ஓம்.”

“இங்க உனக்கு என்ன குறை?”

கடை வாசலில் அந்தச் சங்கத்துப் பெண் குடையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“இருபத்தைஞ்சு வருஷமா நோயாளியளிட்ட எங்க நோகுது எண்டு இங்கிலீசில கேக்கிறன். ஒருக்காத் தமிழில கேக்க ஆசை. அவ்வளவுதான் அண்ணை.” சிரிக்கப் பார்த்தாள். “அங்க நோகுது எண்டு சொல்லாயினமாம். வலிக்குது எண்டுதானாம் சொல்லுறது. பழகியிருப்பன்.”

மூர்த்தியின் மடியில் அரிசிப் பொதி இருந்தது. அதை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“ஒன்பது வீடு அவருக்காகப் பெட்டி கட்டினனான். பத்தாவது வீடு எனக்கு எண்டு கேட்டன். மனுசன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஓம் எண்டார்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் வேண்டாம் எண்டிருப்பியள்.” திறப்பைத் திருகினாள். “நீங்கள் வேண்டாம் எண்டா நான் போகமாட்டன். பதினேழு வருஷம் உங்களோட கதைக்காமல் இருந்தது எனக்குக் காணும். எல்லாம் சரிவந்த பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு டெரிக்குக்கும் வாயைக் கட்டிப்போட்டன்.”

கார் நகர்ந்தது. சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. மூர்த்தியின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

*

மைதானம் ஹென்டர்சனில், ரெயில் பாதைக்குப் பக்கத்தில். கழக அறையில் நேற்றைய பியரும் ஈரக் காலுறையும் சேர்ந்து மணத்தன. கொமிட்டியில் ஏழு பேர். டெரிக் அவர்களுக்கு எதிரே தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். பெரிய மனிதர், ஆறடிக்கு மேல். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரைப் பார்க்க, தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே இருத்திவைத்த ஆள் போல இருந்தது.

மலர் காரிலேயே இருந்துவிட்டாள். மூர்த்தி துவைத்த கொடியைத் திருப்பிக் கொடுக்க உள்ளே போனார். கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

வரும் வழியெல்லாம் அவர் ஒரே வசனத்தைத்தான் தயார் செய்துகொண்டு வந்தார். நான் கண்டேன், தூக்கவில்லை. ஆங்கிலத்தில் அது ஐந்து சொல். யாராவது கேட்டால் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எடுத்த தீர்மானம் அது.

கழகத் தலைவர் கட்டட வேலைக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். டெரிக்கிடம் சொன்னார்: நாலு பேரையும் மேலே ஏற்றி ஒரு நூலிழையில் நிற்கவைக்கிறாய். அந்த நூல் அறுந்தால் கோல்தான். நேற்று அறுந்தது. பிறகு தலையைத் திருப்பினார்.

“மூர்த்தி, நீதான் நேர்கோட்டில் நின்றாய். அவன் ஓஃப்சைட்டா இல்லையா?”

ஏழு பேரும் திரும்பினார்கள். டெரிக் மட்டும் திரும்பவில்லை. தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து சொல். மூர்த்தியின் வாய் திறந்தது. யன்னலுக்கு வெளியே கார் நின்றது, கண்ணாடியில் வைப்பர் ஆடியது, அதற்குப் பின்னால் மலரின் முகம் தெரிந்தும் மறைந்தும் கொண்டிருந்தது. இதைச் சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எழுபத்துநான்கில் அவள் அந்தக் கடிதத்தைப் படித்தபோது எப்படி மாறியது என்பதை அவர் பார்க்கவில்லை. தபாலில் அனுப்பியதில் அந்த வசதி இருந்தது.

“நேராக நின்றான்” என்றார். “எனக்கு நேராகத்தான் தெரிந்தது.”

நேராக நின்றால் ஓஃப்சைட் இல்லை. சட்டம் மாறி ஆறு வருஷம்.

“அப்படியானால் முடிந்தது” என்றார் டெரிக். எழுந்து நின்றார், முழங்கால் சொடுக்கியது. “இந்த ஆள் சொந்தக் கோலையே மறுத்தவர். அவர் நேராக என்றால் நேராகத்தான். பையன்கள் சொன்ன இடத்தில் சரியாக நின்றார்கள், அவர்களைக் குறை சொல்லாதீர்கள். நான்தான் பிழையாகப் பார்த்திருக்கிறேன்.”

கொமிட்டியில் டெரிக்கைக் காப்பாற்ற நினைத்திருந்த இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. கையுயர்த்தி எண்ணினார்கள். ஐந்துக்கு இரண்டு, டெரிக்கின் வேலை போனது. தலைவர் எழுந்து கை கொடுத்தார். எட்டு வருஷத்துக்கு நன்றி என்றார். யாரோ ஒரு பியரைத் திறந்து டெரிக்கின் கையில் வைத்தார்கள். அவர் குடிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே வெளியே நடந்தார்.

மூர்த்தி பின்னால் போனார். படியில் ஒருவர் மறித்தார். கோல்காப்பாளனின் தகப்பன். ஒவ்வொரு ஆட்டத்தையும் இந்த மாடியிலிருந்து வீடியோ எடுப்பவர். நேற்றைய ஆட்டம் இதில் இருக்கிறது, மைதானத்தின் அந்தப் பக்கம் நீ கொடியோடு நிற்பதும் நன்றாக விழுந்திருக்கிறது, டெரிக்கிடம் கொடு, இனி அதைப் பார்க்க அவருக்கு மனம் வருமோ தெரியாது என்று ஒரு கசெட்டை நீட்டினார்.

வாசலில் பெரிய குப்பைத் தொட்டி இருந்தது. மூடி திறந்திருந்தது. மூர்த்தி அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். அவர் போட்டிருப்பார். ஆனால் அந்தத் தகப்பன் படியில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

*

டெரிக்கின் வீட்டில் நுழைந்ததும் மலர் நேரே குசினிக்குப் போனாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கவலை வந்தால் தேத்தண்ணி, சந்தோஷம் வந்தால் தேத்தண்ணி, அவள் வீட்டில் அதுதான் நடைமுறை.

டெரிக் கசெட்டை வாங்கிப் பார்த்தார். இப்போதே பார்ப்போம் மச்சான் என்றார். நாளைக்கென்றால் துணிவு போய்விடும்.

பெரிய உடம்பை மடக்கித் தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் இருந்தார். ரிமோட்டில் பற்றரி இல்லை, ஆகவே பெட்டியிலிருந்த பொத்தானை விரலாலேயே அமுக்க வேண்டியிருந்தது. மூர்த்தி பின்னால் சோபாவின் விளிம்பில் இருந்தார்.

படம் ஓடும்போதே டெரிக் பேசினார். செவ்வாய்க்கிழமை ஈப்போ ஆள் தொலைபேசி எடுப்பான். வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். மேலே போகாவிட்டாலும் அவன் கொஞ்சம் இளகுவான், எனக்குத் தெரியும், என்னைவிட மலிவாக அவனுக்கு ஆள் கிடைக்காது. ஆனால் கோடு தெரியாத கிழவன் அவனுக்கு எதற்கு? என்னிடம் வேறு சரக்கு இல்லை மச்சான். மலருக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மூர்த்தி சோபாவின் விளிம்பில் இன்னும் முன்னே நகர்ந்தார்.

பந்து நடுவிலிருந்து எழும்பியது. நால்வரும் அடி வைத்தார்கள். டெரிக்கின் விரல் பொத்தானை அமுக்கியது. படம் நின்று நடுங்கியது.

டெரிக் திரைக்குக் கிட்டப் போனார். நால்வரையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு பின்னால் தனியாக நின்றவனைத் தொட்டார். நடுவில் புல் தெரிந்தது.

“இரண்டு யார்” என்றார் மெதுவாக.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று மூர்த்தி காத்திருந்தார். வரவில்லை. வந்தது நிம்மதி. வைத்தியர் பயப்படுத்திய வியாதி இல்லை என்று தெரிந்தவரின் முகம். “என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, மச்சான். பார், பையன்கள் எவ்வளவு அழகாக ஏறியிருக்கிறார்கள். எட்டு வருஷத்தில் இதுதான் சுத்தமானது.”

பின்னோக்கி ஓட்டினார். மறுபடி பார்த்தார். முதல் தடவை நால்வரை. இரண்டாம் தடவை ஒன்பதாம் இலக்கக்காரனை. மூன்றாம் தடவை அவர் விரல் திரையின் மேல் ஓரத்துக்குப் போனது. அந்தப் பக்கக் கோட்டில் கறுப்புச் சட்டையில் ஒரு சிறிய ஆள். கையில் மஞ்சள் கொடி.

கொடி இடுப்பு வரைக்கும் எழும்பியது. நின்றது. இறங்கியது.

டெரிக் மறுபடி ஓட்டினார். எழும்பியது, நின்றது, இறங்கியது. படத்தை நிறுத்தினார். திரும்பாமலே கேட்டார்.

“ஏன்?”

“வியாழக்கிழமை” என்றார் மூர்த்தி. “வேலிக்குப் பக்கத்தில் நீ சொன்னாய். அவளிடம் சொல்லாதே என்றாய். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.”

டெரிக்கின் அகலமான முதுகு மூச்சுக்கு ஏறி இறங்கியது. குசினியில் மலர் கோப்பைகளைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

“அவளுக்காகத்தான் போகிறோம் என்று நான் சொல்லவில்லையா?”

“இல்லை.”

“வாயில் ஆணி இருந்தது” என்றார் டெரிக், யாரிடமோ சொல்வது போல. பிறகு மறுபடி கேட்டார். “நீயாவது அவளிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே?”

மூர்த்தி எண்ணிப் பார்த்தார். ஐம்பத்துநான்கு வயதில், இரண்டு தடவை, ஒரே ஆளுக்கு, ஒரே பிழை. முதல் தடவை தங்கை போய்விட்டாள் என்று. இரண்டாம் தடவை போய்விடக்கூடாது என்று. இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை.

“கொமிட்டியில் கேட்டார்களே” என்றார் டெரிக். இந்தத் தடவை குரல் கொஞ்சம் உடைந்தது. “அங்கேயும் நேராக என்றாயே. நான் உனக்காக எழுந்து நின்றேனே, மச்சான்.”

மலர் தட்டோடு வந்தாள். மூன்று கோப்பை, ஒரு தட்டு பிஸ்கற். தரையில் இருந்த கணவனையும் சோபா விளிம்பில் இருந்த அண்ணனையும் பார்த்தாள். செத்த வீட்டில் இருப்பது போல இருக்கிறீர்கள் என்றாள். ஒரு கோப்பையை டெரிக்கிடம் கொடுத்தாள். திரையில் படம் நின்றபடி நடுங்கிக்கொண்டிருந்தது.

“என்ன, பாத்து முடிஞ்சுதா? ஓஃப்சைட்டா இல்லையா?”

டெரிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மனைவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஐந்தாறு தமிழ்ச் சொல்லிலிருந்து இரண்டை எடுத்தார்.

“அன்னய கேல்” என்றார்.

மலர் சிரித்தாள். அதைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும், அது பழக்கம். சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பையை அண்ணனிடம் நீட்டினாள். அவர் கை நீட்டி வாங்கவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

திரையின் மூலையில் மஞ்சள் கொடி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“அண்ணை?” என்றாள் மலர்.